சாக்கடைக்கு எதற்கு மோட்டார்?

"சாக்கடத் தண்ணி தானா பள்ளத்துக்கு ஓடிப் போவுது. அதுக்கு எதுக்குத் தம்பி மோட்டாரு?"

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர், இரண்டு டீ சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். தெருமுனையில் சுற்றுச்சுவருக்குள் ஒரு கட்டடம், வாசலில் 'கழிவுநீர் உந்து நிலையம்' என்று பலகை. இந்த வீட்டை எடுக்கலாமா வேண்டாமா என்பதுதான் உண்மையில் அவருடைய கவலை. ஆனால் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது. பதிலும் டீ ஆறுவதற்குள் முடிகிற பதில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நினைப்பதில் தப்பில்லை. பாதாளச் சாக்கடையில் கழிவுநீரை ஓட்டுவது மோட்டார் அல்ல, சரிவுதான். வீட்டுக் கக்கூஸிலிருந்து தெருக் குழாய்க்கும், தெருக் குழாயிலிருந்து பெரிய குழாய்க்கும் தண்ணீர் தன் கனத்தில் இறங்கித்தான் போகிறது. குடிநீர்க் குழாயில் இருப்பதுபோல அழுத்தம் எதுவும் இங்கே இல்லை. குழாய் நிரம்பி ஓடவும் கூடாது. மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு, ஓடைபோல ஓட வேண்டும்.

சரிவு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கழிவுநீர் வெறும் தண்ணீர் இல்லை. மலம், மணல், சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கலந்து வருவது. மெதுவாக ஓடினால் மணல் குழாயின் அடியில் தங்கிவிடும். அதன்மேல் மற்றதெல்லாம் படிந்து, நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் தன் அழுக்கைத் தானே அடித்துக்கொண்டு போகிற வேகம் வேண்டும். நம் நாட்டுப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு, நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர். மனிதன் சாவகாசமாக நடக்கும் நடையைவிடக் கொஞ்சம் குறைவு. கேட்கும்போது பெரிய வேகமாகத் தெரியாது. ஆனால் குறுகலான ஒரு தெருக் குழாயில் இந்த வேகம் கிடைக்க, 250 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டராவது இறக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி கணக்குப் போடுங்கள். தெருவின் தொடக்கத்தில் குழாய் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போனதும் ஐந்து மீட்டர் ஆழம். இன்னும் ஒரு கிலோமீட்டர் என்றால் ஒன்பது மீட்டர், அதாவது முப்பது அடி. பல தெருத் தண்ணீர் சேர்ந்து குழாய் பெரிதாகப் பெரிதாக இவ்வளவு இறக்கம் தேவைப்படாது; ஆயிரத்துக்கு ஒன்று போதும் என்ற நிலைகூட வரும். ஆனாலும் குழாய் இறங்கிக்கொண்டேதான் போகும். மேலே தரை அதே அளவு இறங்கினால் கவலையில்லை, குழாய் தரையை ஒட்டியே போய்விடும். தரை சமமாக இருந்தால் குழாய் மட்டும் பாதாளத்துக்குப் போகும்.

சென்னையின் தரை அப்படிப்பட்டதுதான். கடற்கரையோரச் சமவெளி. நகரத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. நடுவில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று குறுக்கே ஓடும் நீர்வழிகள் வேறு. பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். முப்பது அடி ஆழத்தில், இருபுறமும் கடைகளும் வீடுகளும் நிற்கும் தெருவில், ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே குழாய் பதிப்பது லேசான வேலை இல்லை. பதித்த குழாய் பிறகு ஒரு நாள் விரிசல் விட்டால் அதைச் சரிசெய்வது அதைவிடப் பெரிய பாடு.

இங்கேதான் மோட்டார் வருகிறது. "உங்க வயக்கெணத்துல பம்புசெட் என்ன பண்ணுது?" என்று அண்ணனைக் கேட்டேன். "தண்ணிய மேல தொட்டிக்கு ஏத்துது." "அப்புறம்?" "அப்புறம் கால்வாயில அதுவா போவுது." அவ்வளவுதான் விஷயம். பம்புசெட் கடைசி வரப்பு வரைக்கும் தண்ணீரைத் தள்ளுவதில்லை. கிணற்றுக்குள் கிடப்பதை மேட்டில் ஏற்றிவிடுகிறது, மிச்சத்தை வாய்க்காலின் வாட்டம் பார்த்துக்கொள்கிறது. உந்து நிலையமும் இதையே செய்கிறது. ஆழத்துக்குப் போய்விட்ட கழிவுநீரை மேலே ஏற்றி, இன்னொரு குழாயில் மறுபடி ஆழம் குறைவான இடத்திலிருந்து தொடங்கி வைக்கிறது. அந்தக் குழாய் இறங்கி இறங்கி இன்னொரு நிலையத்துக்குப் போகும். அங்கே இன்னொரு ஏற்றம். ஒரு வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இப்படிப் பலமுறை ஏறி இறங்கலாம். சரிவில் இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் பம்பின் வேலை.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் லண்டன் திணறிய பிறகு, ஜோசப் பஸல்ஜெட் என்ற பொறியாளர் அந்த நகரத்துக்கு வகுத்த சாக்கடையிலும் தாழ்வான பகுதிகளின் கழிவுநீரை நீராவி இயந்திரங்கள்தான் மேலே தூக்கின. கிராஸ்னஸ் நிலையம் 1865-லும் ஆபி மில்ஸ் நிலையம் 1868-லும் ஓடத் தொடங்கின. மெட்ராஸில் 1890-களில் துண்டு துண்டாகத் தொடங்கிய வேலை, 1910 வாக்கில் முழு நகரத்துக்குமான திட்டமாக உருவெடுத்தது. அப்போதே ஐம்பது ஆண்டுகள் தள்ளிப் பார்த்தார்கள். 1961-ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 114 லிட்டர் என்று கணக்கு. 1961 வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெட்ராஸ் நகரத்தில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்.

அதற்குப் பிறகு நகரத்தை ஐந்து கழிவுநீர் மண்டலங்களாகப் பிரித்தார்கள். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அந்த மண்டலங்களின் கழிவுநீர் போகிறது. 1978-ல் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாகச் சென்னைக் குடிநீர் வாரியம் தனியாக ஏற்பட்டது. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஒரே நாளில் நகரம் இரண்டரை மடங்கு. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பலவற்றுக்கு அப்போது பாதாளச் சாக்கடையே கிடையாது. குழாய் போடப் போட உந்து நிலையங்களும் கூடுகின்றன. அண்ணனுடைய மகள் பார்த்த கட்டடம் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒன்று.

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது? வெளியே தெரிவது ஒரு மோட்டார் அறை, ஒரு ஜெனரேட்டர், ஒரு மரம். முக்கியமானது தரைக்குக் கீழே இருக்கிறது. தெருக்களிலிருந்து வரும் பெரிய குழாய் ஓர் ஆழமான வட்டக் கிணற்றில் விழுகிறது. விழுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளை வரிசையாக நிறுத்திய சல்லடை. பிளாஸ்டிக் பை, துணி, தேங்காய் மட்டை, செருப்பு எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். அவற்றை வாரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாராவிட்டால் கம்பிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, தெருவில் மேன்ஹோல் வழியும்.

சல்லடையைத் தாண்டிய தண்ணீர் கிணற்றில் சேர்கிறது. கிணற்றின் அடியில், நம் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்போல, தண்ணீருக்குள்ளேயே முழுகி நிற்கும் பம்புகள். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறினால் முதல் பம்ப் தானாக ஓடும். அதையும் மீறி ஏறினால் இரண்டாவது. மட்டம் இறங்கியதும் நின்றுவிடும். கூடவே எப்போதும் ஒரு பம்ப் சும்மா நிற்கும். அது உபரி இல்லை. ஒன்று பழுதானால் இடத்தைப் பிடிக்கக் காத்திருப்பது.

கிணற்றின் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னதாகக் கட்டினால் நிமிஷத்துக்கு நிமிஷம் நிரம்பும். பம்ப் ஓடி நின்று, ஓடி நின்று, மோட்டார் காயில் எரிந்துபோகும். பெரிதாகக் கட்டினால் கழிவுநீர் உள்ளேயே தேங்கி அழுகும். அரை மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆனால் வரத்து ஒரே சீராகவா இருக்கிறது? விடியற்காலையில் ஊரே குளிக்கிறது, துவைக்கிறது. நள்ளிரவு தாண்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 20,000 பேர் உள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் கழிவாகத் திரும்புகிறது என்றால் நாளைக்கு 21 லட்சம் லிட்டருக்கும் மேல். சராசரியாக நொடிக்கு 25 லிட்டர். ஆனால் பம்பையும் குழாயையும் இந்த அளவு ஊருக்கு ஏறக்குறைய மூன்று மடங்குக்கு வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். காலையில் வரும் அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளிக்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

பம்பிலிருந்து வெளியே போகும் குழாய்க்குப் பம்பிங் மெயின் என்று பெயர். இதில் மட்டும் தண்ணீர் நிரம்பி, அழுத்தத்தோடு ஓடும். மேட்டில் ஏறலாம், பாலத்தை ஒட்டி ஆற்றைத் தாண்டலாம். தொடக்கத்தில் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு. கரண்டு போய்ப் பம்ப் சட்டென்று நின்றால், குழாயில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை தண்ணீரும் பின்னால் பாயப் பார்க்கும். அந்த வால்வு அப்போது 'டம்'மென்று சாத்திக்கொள்ளும். அந்த அடி சரியாகத் தாங்கப்படாவிட்டால் குழாய் இணைப்பே விட்டுப்போகும். தெருவில் சாக்கடைத் தண்ணீர் நீரூற்றுபோலப் பீய்ச்சுகிறது என்றால், பெரும்பாலும் உடைந்தது இந்தக் குழாயாகத்தான் இருக்கும்.

"கரண்டு பில்லு தாங்குமா?" என்றார் அண்ணன். தறிக் கரண்டுக்குக் கட்டுகிறவர், முதலில் அதைத்தான் கேட்பார். கணக்கு ஆச்சரியமானது. பத்து லட்சம் லிட்டரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் குறைந்தபட்சம் 27 யூனிட் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் சுமார் 45. பத்து லட்சம் லிட்டர் என்பது ஒன்பதாயிரம் பேருடைய ஒரு நாள் கழிவுநீர். ஒன்பதாயிரம் பேருக்கு 45 யூனிட் பெரிய செலவே இல்லை. குழாய் நீளத்தின் உராய்வு சேர்ந்தால் இது இரண்டு மடங்காகலாம், பல நிலையங்களில் தூக்கினால் இன்னும் கூடும். ஆனால் கனமான செலவு கரண்டில் இல்லை. அது ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பதில் இருக்கிறது. தீபாவளி, பொங்கல், புயல் எதுவானாலும் ஆள் வேண்டும், டீசல் வேண்டும், மாற்றுப் பம்ப் வேண்டும். தறி ஒரு வாரம் நின்றால் நஷ்டத்தோடு போகும். இது ஆறு மணி நேரம் நின்றால் தாழ்வான வீடுகளின் கக்கூஸ் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறும்.

பம்ப் நிற்பதற்கு முக்கியமான காரணம் எது? கரண்டு மட்டும் இல்லை, துணியும்தான். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைக் கழிவுநீருக்கென்றே வாய் அகலமாகச் செய்வார்கள். சாதாரணத் தண்ணீர் பம்பில் நிறைய மெல்லிய இறக்கைகள் இருக்கும். இதில் ஒன்றோ இரண்டோ தடித்த இறக்கைகள், நடுவில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கட்டியாக வருவது எதுவும் வெளியே போய்விடும். ஆனால் நீளமாக வருவது போகாது. ஜாம் ஆன பம்பைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிப் பார்த்தால், இம்பெல்லரே கண்ணுக்குத் தெரியாது. தலைமுடி, நாப்கின், புடவைக் கிழிசல், குழந்தையைத் துடைத்துப் போட்ட ஈரத் துணி எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கி, எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி, கறுப்பாக ஒரு கயிறு. தேர் வடம் மாதிரி கெட்டியாக இருக்கும். கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். 'தண்ணீரில் கரையும்' என்று உறையில் எழுதி விற்கும் துடைப்புத் துணியும் இந்தக் கயிற்றில்தான் இருக்கும்.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். "அப்போ எங்க ஊரு நூல் வேஸ்ட்டு போனா?" பம்ப் ஒரு நாள் தாங்காது. பாவில் அறுந்த நூலும் தறிக்கடியில் கூட்டி அள்ளும் பஞ்சும் சாக்கடைக்குள் போனால், இம்பெல்லருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நெசவு ஊர் ஒன்றுக்குப் பாதாளச் சாக்கடை திட்டமிடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

அடுத்தது நாற்றம். அழுகிய முட்டை வாடை என்கிறோமே, அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. காற்றுப் படாமல் கழிவுநீர் நெடுநேரம் கிடந்தால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. பம்பிங் மெயின் நிரம்பி ஓடுவதால் அதற்குள் காற்றே இல்லை. நீளமான குழாயில் இரவு முழுக்க நின்ற தண்ணீர் காலையில் வெளியே விழும்போது வாயுவும் கூடவே கிளம்பும். அது நாற்றத்தோடு நிற்பதில்லை. தண்ணீர் போய் விழும் கான்கிரீட் குழாயின் மேல் கூரையில் ஈரத்தில் படிந்து, இன்னொரு வகை நுண்ணுயிரால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டை அரிக்கிறது. பல ஆண்டு கழித்து ஒரு நாள் தார்ச்சாலை திடீரென்று உள்வாங்கும்.

மனிதனுக்கு இந்த வாயு இன்னும் மோசம். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாத்தம் இல்ல, இறங்கலாம்' என்று நினைக்கிற இடம்தான் கொல்லும் இடம். காற்றைவிடக் கனம் என்பதால் குழியின் அடியில் தங்கும். ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, இப்படித்தான் சாவு இரண்டும் மூன்றுமாக நடக்கிறது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013-ல் வந்த சட்டம் தடைசெய்திருக்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டியே வந்திருக்காது. சல்லடையை இயந்திரம் வாரும்படியும், பம்பை வழிகாட்டிக் கம்பிகள் வழியாக மேலே இழுக்கும்படியும் நிலையத்தைக் கட்டுவது வசதிக்காக இல்லை. யாரும் அந்தக் கிணற்றில் இறங்கத் தேவையில்லாமல் செய்வதற்காக.

மழை வந்தால் இன்னொரு கூத்து. மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் மொட்டை மாடித் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் சேர்த்துவிடும் வீடுகள் உண்டு. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் தூக்கி விடுகிறவர்களும் உண்டு; நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். காலை நேரத்து உச்சத்துக்காக வைத்த பம்ப், மேகம் கொட்டுவதை எப்படி இறைக்கும்? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளமும் சாக்கடையும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தோம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எங்கே கொண்டு சேர்க்கிறார்கள்? ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வருகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டரை மேலும் சுத்தப்படுத்தும் ஆலைகள் 2019-ல் வந்தன. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. அந்தத் தொழிற்சாலைகள் எடுக்காமல் விடும் நல்ல தண்ணீர் ஊருக்கு மிச்சம். அதில் பொதட்டூர்பேட்டை இருக்கும் நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலை ஆறு போய்ச் சேருவது 1944-ல் கட்டிய பூண்டி ஏரியில், அங்கிருந்து சென்னையின் குடிநீருக்கு. இங்கிருந்து சரிவில் தானாக இறங்கிப் போகிற தண்ணீரை அங்கே மோட்டார் வைத்து ஏற்றி ஏற்றி அனுப்புகிறார்கள்.

நம் பக்கத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்கும் லாரியும்தான். அதில் குறைவு ஒன்றும் இல்லை, முறையாகச் செய்தால். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கை எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற லாரி எடுக்க வேண்டும். எடுத்ததை ஏரிக்கரையிலோ ஆற்று மணலிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில் விட வேண்டும். தமிழ்நாடு அரசு 2014-லேயே இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. கருங்குழி பேரூராட்சியில் செப்டிக் டேங்க் கழிவுக்கென்றே ஒரு நிலையம் அமைந்தது.

நாளைக்கு ஊருக்குப் பாதாளச் சாக்கடை வருகிறது என்று யாராவது சொன்னால், அண்ணன் மாதிரி ஆட்கள் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. தரையின் வாட்டம் எந்தப் பக்கம், அதைப் பயன்படுத்திக் குழாய் போட்டிருக்கிறார்களா? எத்தனை இடத்தில் பம்ப், ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும் உண்டா? தறிக் கழிவு குழாய்க்குள் போகாமல் தடுக்க என்ன ஏற்பாடு? பத்தாம் ஆண்டில் ஆள் சம்பளமும் டீசலும் யார் கணக்கில்? குழாய் புதைக்கப் பணம் ஒருமுறை வரும். பம்ப் ஓட்டப் பணம் என்றைக்கும் வேண்டும். சரிவு கொடுக்கிற ஒவ்வொரு மீட்டரும் காலத்துக்கும் இலவசம், அதை வீணாக்கிவிட்டுப் பம்ப் வைக்கிற திட்டம் பேரூராட்சியின் தலையில் தீராத கடனை ஏற்றுகிறது.

மகள் வீட்டு விஷயத்துக்கும் பதில் சொன்னேன். உந்து நிலையத்துக்குப் பக்கத்து வீடு என்றால் கொஞ்சம் வாடை இருக்கும், மோட்டார் சத்தமும் இருக்கும். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய் நின்று பார்க்கட்டும். அந்த இரண்டு நேரமும் தெருவில் மேன்ஹோல் வழியாமல் இருந்தால் நிலையம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம், வீட்டை எடுக்கலாம். நிலையமே பக்கத்தில் இல்லாத, ஆனால் மேன்ஹோல் வழிகிற தெருவில் எடுப்பதைவிட அது மேல்.